டவுட்டுன்னா சந்தேகம், சரி... அப்புறம்?

நேத்து அக்கா பொண்ணு போன்ல ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு தமிழ் மீனிங் பாத்துட்டு ஒரே செகண்டுல மூடிட்டா. கேட்டா, "அதான் வந்துடுச்சே சித்தி"ங்குறா.

எனக்கு பழைய கூத்து ஞாபகம் வந்துடுச்சு. பாண்டில வேலைக்கு சேந்த புதுசு, வெளிநாட்டு கஸ்டமர் அனுப்புன ரிப்போர்ட்ல ரெண்டு விஷயம் புரியல, "ஐ ஹேவ் சம் டவுட்ஸ் அபவுட் யுவர் ரிப்போர்ட்"னு மெயில் தட்டிட்டேன். கிளாஸ்ல எழுந்து டவுட் கேட்டே வளந்தவங்கதானே நாம. அந்தாளு என்னடான்னா எந்த நம்பர் மேல நம்பிக்கை இல்லன்னு கேட்டு மேனேஜருக்கும் சேத்து பதில் போட்டுட்டாரு. நமக்கு கேள்வியும் சந்தேகம்தான், நம்பாததும் சந்தேகம்தான், அவங்களுக்கு ரெண்டும் வேற வேற. டவுட்டுன்னா சந்தேகம்னு ஆப் சொல்றது தப்பில்ல, ஆனா பத்தாது.

அப்புறம்தான் லேர்னர்ஸ் டிக்‌ஷனரி பக்கம் போனேன், அதாவது இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்களுக்குன்னே இங்கிலீஷ்லயே விளக்கம் எழுதுன அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூணுமே ஆன்லைன்ல ஃப்ரீயா பாக்கலாம். லாங்மேன்ல சுமார் 2000 ஈசியான வார்த்தைய வச்சே மத்ததுக்கு விளக்கம் எழுதுறாங்க, அதனால மீனிங்குக்கே மீனிங் தேடுற கொடுமை கம்மி. இந்த ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் இருக்கே, அது மொதல்ல அச்சானதே 1942ல டோக்கியோல, ஜப்பான்ல இங்கிலீஷ் சொல்லிக்குடுத்த ஹார்ன்பிங்குற வாத்தியார் இன்னும் ரெண்டு பேரோட சேந்து பண்ணது. வெளியில இருந்து கத்துக்குறவன் எங்க வழுக்குவான்னு அவருக்கு தெரிஞ்சிருக்கு!

அர்த்தத்த விட அதுல இருக்க உதாரண வாக்கியம்தான் சரக்கு. டிஸ்கஸ் போட்டு பாருங்க, பின்னாடி "அபவுட்" ஒட்டாது, "அதப் பத்தி"ன்னு தமிழ்ல நெனச்சுட்டு நாமதான் ஒட்டுறோம். அட்வைஸ் பக்கத்துல அன்கவுண்டபிள்னு, அதாவது ஒண்ணு ரெண்டுன்னு எண்ண முடியாததுன்னு இருக்கும், அப்போ "அட்வைசஸ்" கெடையாது. ஸ்பீக்கர் படத்த தொட்டா உச்சரிப்பும் கேக்கும், டெவலப்ல நாம "டெ"வ அழுத்துறோம், அவங்க அழுத்துறது "வெ".

தமிழ் மீனிங்கே பாக்காதன்னு சொல்லல. ஆரம்பத்துல அது இல்லாம வண்டி ஓடாது, சீர் ஃபிஷ்னா வஞ்சிரம்னு சொன்னா முடிஞ்சுது, அதுக்கு இங்கிலீஷ்ல மூணு வரி விளக்கம் எதுக்கு?

கடலூர்-பாண்டி பஸ்ல சீட்டு கெடச்சா நான் ரெண்டு வார்த்தை பாத்துடுவேன். ரெசீட்ல "பி" சத்தமே இல்லன்னு கன்னியக்கோயில்கிட்ட தெரிஞ்சுது, வாய்விட்டு நாலு தடவை சொல்லி பாத்தேனா, பக்கத்து சீட்டு ஆயா பைய எடுத்து மடியில வச்சுகிட்டு தள்ளி உக்காந்துடுச்சு.