ஓரத்தில் நின்றவர்தான் மூத்த அக்கா

நேற்று இங்கே போட்டிருந்த ஒரு புகைப்படத்துக்குக் கீழே நான் எழுதியது சிலருக்கு அதிகமாகப் பட்டிருக்கிறது. படட்டும். லவேர்ன், மேக்சீன், கடைக்குட்டி பேட்டி (Patty) என்ற மூன்று அமெரிக்கப் பாடகிகள்தான் ஆண்ட்ரூஸ் சகோதரிகள். அவர்கள் படத்தில் மூத்தவர் லவேர்னின் பாதி முகத்தை வெட்டிவிட்டு, "பேட்டிதான் பாடகி, மத்த ரெண்டு பேரும் பின்பாட்டு" என்று போட்டால் எனக்குக் கோபம் வரும்.

அது பின்பாட்டு இல்லை. மெட்டு பேட்டியிடம், மேலே மேக்சீன், கீழே லவேர்ன். மூன்று பேரும் ஒரே சொல்லை ஒரே மூச்சில், ஒன்றையொன்று ஒட்டிய சுரங்களில் பாடுவார்கள். கீழ்க்குரலை எடுத்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் கால் ஊன்ற இடம் இருக்காது.

மினியாபொலிஸில் கிரேக்க அப்பாவுக்கும் நார்வே வம்சத்து அம்மாவுக்கும் 1911-இல் பிறந்த மூத்த மகள் லவேர்ன். பியானோ வாசிப்பார். மூவரில் இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்தவரும் அவர்தான். 1937-இல் 'பை மிர் பிஸ்ட் டு ஷோன்' என்ற யித்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) பாட்டு அவர்களை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனபோது அதன் அடியில் ஓடியது அவர் குரல். பின்பாட்டாம்!

எங்கள் சர்ச் கொயரில் பத்து வருஷம் நான் ஆல்டோ, அதாவது கீழ்க்குரல்; என் தங்கச்சி சொப்ரானோ, மேல்குரல். கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்ததும் எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பெரியம்மா பக்கத்தில் நின்ற என்னிடம், "நீயும் பாடுனியாம்மா?" என்று கேட்டார். இன்னும் மறக்கவில்லை. ஒரு வருஷம் காய்ச்சலில் நான் போகவில்லை. அன்று ராத்திரி தங்கச்சி என் கட்டிலில் வந்து உட்கார்ந்து, "அக்கா, நீ இல்லாம எனக்குச் சுதியே நிக்கல" என்று அழுதாள். கூடப் பாடினவளுக்குத் தெரிந்தது.

"தனிப்பாட்டெல்லாம் பேட்டிதானே பாடினார்?" என்கிறீர்கள். ஆமாம், அபாரமாகப் பாடினார். அதை நான் எங்கே மறுத்தேன்? அதே பேட்டி 1950-களில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, 1956-இல் அக்காக்களிடமே திரும்பி வந்தார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அமெரிக்காக்காரிகளுக்காக நீ ஏன் சண்டை போடுற?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை. ஓரத்தில் நின்றே பழகினவளுக்கு ஊர் ஒரு பொருட்டில்லை.

1967 மே மாதம் லவேர்ன் புற்றுநோயில் போய்விட்டார். வயது 55. வேறொரு பாடகியைச் சேர்த்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1974-இல் மேக்சீனும் பேட்டியும் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயில் 'ஓவர் ஹியர்' என்ற இசை நாடகத்தில் நடித்தார்கள். போர்க்காலத்தில் பாடும் இரண்டு சகோதரிகள் மூன்றாவது குரலைத் தேடுகிற கதை. அக்கா போய் ஏழு வருஷம் கழித்து, ராத்திரிக்கு ராத்திரி மேடையேறி, மூன்றாவது குரலைத் தேடுவதாக நடித்திருக்கிறார்கள். அந்த நாடகத்துக்குப் பிறகு அவர்கள் இருவருக்குள்ளும் பேச்சுவார்த்தை அற்றுப்போனது. அக்கா இருந்திருந்தால் அப்படி விட்டிருப்பாரா? என் தங்கச்சியோடு நான் கடைசியாகச் சண்டை போட்ட நாள் ஞாபகம் வருகிறது. இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

அந்தப் படத்தை வெட்டாமல் திரும்பப் போடுங்கள். மூன்று பேர் பெயரும் வேண்டும், லவேர்ன் பெயர் முதலில்.