பிரிட்டனில் பிசியோதெரபி ஆய்வுக்கும் அரசு நிதி உண்டு

"பிரிட்டனில் பிசியோதெரபிஸ்டுகளின் ஆய்வுக்கு அரசு பணம் தராது, அவர்களுடைய தொழில்முறைச் சங்கத்தின் அறக்கட்டளை தரும் சிறிய நிதிதான் கிடைக்கும், டாக்டர் தலைமை தாங்கினால்தான் பெரிய நிதி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. படிப்பைத் தேர்ந்தெடுக்கும் வயதில் இருப்பவர்கள் இதை நம்பிவிடக் கூடாது.

'சாரா' என்ற பிரிட்டன் ஆய்வையே பாருங்கள். முடக்குவாதத்தால் (ருமட்டாய்டு மூட்டுவாதம்) கைகள் பாதிக்கப்பட்ட 490 பேர், 17 மருத்துவ மையங்கள். மூட்டு அசைவுக்கு 7 பயிற்சிகள், வலுவூட்ட 4. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இப்பயிற்சிகளையும் சேர்த்துச் செய்தவர்களின் கைகள் ஓராண்டுக்குப் பிறகும் நன்றாக இயங்கின. முடிவுகள் 2015இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன. தலைமை தாங்கிய சாரா லேம்ப் ஒரு பிசியோதெரபிஸ்ட். பணம் கொடுத்தது என்.ஐ.எச்.ஆர்., அதாவது அரசின் சுகாதார ஆய்வு நிதி அமைப்பு. இதே அமைப்பு பிசியோதெரபிஸ்டுகளும் விண்ணப்பிக்கக்கூடிய ஆய்வு உதவித்தொகைகளையும் வழங்குகிறது.

அவர் சொல்வதுபோல் பிசியோதெரபி சங்கத்தின் அறக்கட்டளையும் நிதி தருகிறது, உண்மைதான். அதைக் குறைத்துப் பேசுவதும் நியாயமில்லை. பெரிய நிதிக்கு விண்ணப்பிக்கத் தேவையான முன்னோட்டத் தரவுகள் பெரும்பாலும் சிறிய நிதியில்தான் உருவாகின்றன.

போட்டி கடுமை என்று எழுதியிருந்தால் மறுத்திருக்க மாட்டேன். தனியாகக் கிளினிக் நடத்துபவர் பல்கலைக்கழகத் துணையின்றி இத்தகைய நிதியைப் பெறுவது மிகவும் கடினம்.