சொன்னவன் என்ன ஆனான்?

பள்ளிக்கூடத்திலும் வேலை இடத்திலும் நடக்கிற கேலி, மிரட்டல், அவமானப்படுத்தல் பற்றிப் பேச்சு வந்தாலே நாம் முதலில் தேடுவது ஒரு எண்ணைத்தான். நூற்றுக்கு எத்தனை பேர்? எண்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், கேட்ட நாளுக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் சக மாணவர்களிடம் துன்பப்பட்டிருக்கிறார் என்று யுனெஸ்கோ 2019-இல் சொன்னது. இணையத்தில் நடப்பது எவ்வளவு என்று போனால் எண் தாறுமாறாக ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2012-இல் 25 நாடுகளில் பிள்ளைகளிடம் கேட்டபோது இந்தியாவுக்கு வந்தது 53 சதவீதம். கணினிப் பாதுகாப்பு நிறுவனமான மெக்காஃபி 2022-இல் கேட்டபோது 85. பத்து வருஷத்தில் பிள்ளைகள் அவ்வளவு கெட்டுப்போய்விட்டார்களா என்றால், அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. கேட்டவர்களும் வேறு, கேள்வியும் வேறு. "உன்னை யாராவது ஆன்லைனில் தொல்லை பண்ணினார்களா" என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டும் பையன், "உன் போட்டோவை எடிட் பண்ணி கிளாஸ் குரூப்பில் போட்டுச் சிரித்தார்களா" என்று கேட்டால் ஆமாம் என்பான்.

என்னை யோசிக்க வைத்தது வேறொரு கணக்கு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2022-இல் வெளியிட்டது. வேலை பார்ப்பவர்களில் 22.8 சதவீதம் பேர், அதாவது 74 கோடிக்கும் மேல், வேலை இடத்தில் ஏதோ ஒரு வகை வன்முறையையோ தொல்லையையோ சந்தித்திருக்கிறார்கள். அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் அதை யாரிடமாவது சொன்னவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். யாரிடமாவது என்றால் நண்பன், வீட்டு ஆள் எல்லாம் சேர்த்து. மேலதிகாரியிடம், போலீசில் என்று போனவர்கள் அதிலும் குறைவு.

இது எனக்கு அறிக்கை படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் காலை எட்டு மணிக்கே ஆள் நிற்கும். பட்டா, முதியோர் பென்ஷன், சாக்கடை, பாதைத் தகராறு என்று வருகிற மனுக்களுக்கு நடுவே இந்த மாதிரி மனுவும் வரும். மற்ற மனுக்காரர்கள் "நல்லா அழுத்தமாப் போடுங்க அண்ணாச்சி, பேரைப் பெருசாப் போடுங்க" என்பார்கள். இவர்கள் மட்டும் பாதி அடித்த பிறகு மெல்லக் குனிந்து, "அந்தப் பேரை எடுத்துருங்களேன்" என்பார்கள்.

ஒரு அப்பா வந்தார். மகள் கல்லூரியில் முதல் வருஷம். கல்லூரிப் பெயரிலேயே எவனோ இன்ஸ்டாகிராமில் 'கன்ஃபெஷன்' பக்கம் ஒன்று நடத்துகிறான். அதில் அந்தப் பிள்ளையின் படத்தைப் போட்டுக் கீழே என்னென்னவோ எழுதியிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அப்பாவின் போனில் இருந்தது. பிரிண்ட் எடுக்க வேண்டும். கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா என்று நான் கேட்டாக வேண்டுமே, கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "கறுப்பு வெள்ளையே போதும் அண்ணாச்சி, பிள்ள மூஞ்சி தெளிவாத் தெரியணும்னு என்ன இருக்கு" என்றார். மனு அடிக்க உட்கார்ந்தோம். முதலில் கல்லூரிப் பெயர் வேண்டாம் என்றார். அப்புறம் மகள் பெயர் வேண்டாம் என்றார். பெயரே இல்லாத மனுவை யாரிடம் கொடுக்க? "அவ இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல அங்கதானே படிக்கணும்" என்றார். கடைசியில், "சவத்த விடுங்க, பொறவு பாக்கலாம்" என்று பிரிண்டை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

வசூல் வேலை பார்க்கும் ஒரு இளைஞன் கதை இன்னொன்று. கடன் கொடுக்கும் கம்பெனி, அதற்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். காலையில் கண்ணைத் திறந்தால் முந்தின நாள் டார்கெட் முடிக்காதவர்களின் படம் வரும். படத்தில் கைக்கு வளையல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கீழே மேனேஜர் போட்ட வாய்ஸ் நோட். அதற்கும் கீழே கூட வேலை பார்ப்பவர்கள் வரிசையாகக் கை தட்டும் பொம்மை போட வேண்டும், போடாவிட்டால் நாளைக்கு அவன் படம். அவன் அந்த வாய்ஸ் நோட்டைப் போட்டுக் காட்டினான். கடையில் பெண்கள் இருந்ததால் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். லேபர் ஆபீசுக்கு ஒரு புகார் அடிக்கத்தான் வந்தான். அடிக்க அடிக்க யோசித்தான். "இந்த லைன்ல எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்கண்ணே, வேற கம்பெனியிலயும் எடுக்க மாட்டாங்க." கடைசியில் ராஜினாமாக் கடிதம் அடித்து வாங்கிக்கொண்டு போனான். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணங்களால்' என்று போடச் சொன்னான்.

சட்டத்திலும் இவனுக்குப் பெரிதாகப் பிடிமானம் இல்லை. பாலியல் தொல்லைக்கு 2013 சட்டம் இருக்கிறது, பத்துப் பேர் வேலை பார்த்தாலே உள்புகார்க் குழு வைக்க வேண்டும். அது பெண்களுக்கு. மற்றபடி மேலதிகாரி தினமும் நாலு பேர் முன்னால் மனுஷனைச் சாணியில் முக்கி எடுத்தால் அதற்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. வேலை இட வன்முறை, தொல்லை பற்றி 2019-இல் வந்த, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கையை இந்தியா ஏற்கவும் இல்லை. இணையத்தில் நடப்பதற்குச் சட்டம் உண்டு. ஆள்மாறாட்டம் என்றால் ஐடி சட்டம் 66டி, அந்தரங்கப் படம் என்றால் 66இ. (இன்னும் சிலர் 66ஏ போடச் சொல்லி அடம்பிடிக்கிறார்கள். அந்தப் பிரிவைச் சுப்ரீம் கோர்ட் 2015-லேயே ரத்து பண்ணிவிட்டது அண்ணாச்சிகளே.)

சரி, பயப்படுகிறார்கள், கோழைகள் என்று சொல்லிவிடலாமா? நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை மட்டும் சொல்ல முடியாது.

நாங்குநேரியை மறந்திருக்க மாட்டீர்கள். 2023 ஆகஸ்ட். வள்ளியூரில் பிளஸ் டூ படித்த பையன். கூடப் படித்தவர்களே சாதியை வைத்துக் கொடுத்த தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்றான். பள்ளியில் அழைத்துக் கேட்டார்கள். சொன்னான். அன்று இரவே வீடு தேடி வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அந்தப் பையன் பிழைத்து வந்து, மறு வருஷம் பொதுத்தேர்வில் 600-க்கு 469 எடுத்தான். நாம் எல்லோரும் அந்த மார்க்கைப் பகிர்ந்து பெருமைப்பட்டோம், நியாயம்தான். ஆனால் ஊரில் மற்ற பிள்ளைகள் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டிருப்பார்கள்? அவன் அடங்கிப் போன நாட்களில் அரிவாள் வரவில்லை. வாயைத் திறந்த நாளில் வந்தது. இதைப் பார்த்த ஒரு பத்தாம் வகுப்புப் பையனிடம் போய், "எதுவா இருந்தாலும் டீச்சர்கிட்ட சொல்லுப்பா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தத் துன்புறுத்தல் பற்றிய ஆய்வின் முன்னோடி என்று சொல்லப்படும், சுவீடனில் பிறந்து நார்வேயில் வேலை பார்த்த டான் ஓல்வியஸ், மூன்று விஷயம் சேர்ந்திருந்தால்தான் அது வெறும் சண்டை இல்லை, துன்புறுத்தல் என்று வகுத்தார். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் நடுவே பலத்தில் ஏற்றத்தாழ்வு. மூன்றாவதைக் கண்டுபிடிக்க அங்கே உடம்பைப் பார்க்க வேண்டும், வயதைப் பார்க்க வேண்டும். இங்கே அவ்வளவு சிரமம் கிடையாது. "எந்த ஊருலே? எந்தத் தெரு?" இரண்டு கேள்வியில் முடிந்தது. அதற்கும் சோம்பல் என்றால் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறம் போதும். 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கம் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் ஒரு பிளஸ் டூ மாணவன் செத்தே போனான். அந்தச் சண்டை தொடங்கியது கையில் கட்டிய கயிற்றில். அதற்கு ஏறக்குறைய மூன்று வருஷம் முன்பே, 2019-இல், சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அன்றைய அமைச்சர், இது தனக்குத் தெரியாமல் போன சுற்றறிக்கை, பழைய நடைமுறையே தொடரும் என்று சொல்லிவிட்டார். நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மறுபடியும் அதே கயிறு. தடை செய்யுங்கள் என்று அவரும் எழுதினார்.

இப்போது கயிறு கையிலிருந்து போனுக்கு ஏறிவிட்டது. டவுன் பஸ்ஸில் பின்படிக்கட்டில் நடந்த தள்ளுமுள்ளு, பையன் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாட்டோடு ரீல்ஸாக வந்துவிடுகிறது. யார் தெருக்காரன், யார் தலைவர் படம், எந்தக் கலர் என்று கமெண்டில் கூட்டம் சேர்ந்துவிடும். அந்தக் காலத்தில் ஸ்கூலில் அடி வாங்கினால் நாலு மணி பெல் அடித்ததும் தப்பித்தோம். இப்போதைய பையன் ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு வாங்குகிறான். கமெண்ட் போடுகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளும் இல்லை, கல்யாணமாகி வேலைக்குப் போகும் ஆட்கள். புரொஃபைலைப் போய்ப் பாருங்கள், தெரியும்.

"நாங்களும் இதெல்லாம் வாங்கித்தான் வளர்ந்தோம்" என்று கமெண்டில் யாராவது எழுதுவார்கள், எழுதுங்கள். ராகிங் பற்றியும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம், 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி மாணவர் நாவரசு கொல்லப்படும் வரை. மறு வருஷம் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது, இரண்டு வருஷம் வரை சிறை. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிகள் வந்தன. வருஷா வருஷம் அட்மிஷன் சீசனில் மாணவனும் பெற்றோரும் கையெழுத்துப் போடும் உறுதிமொழிப் படிவம் என் கடையில் கட்டுக்கட்டாகப் போகிறது. ராகிங் ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ராகிங் பண்ணினால் சீட்டு போகும் என்ற பயம் சீனியருக்கு இருக்கிறது, இது நான் கண்ணால் பார்ப்பது. பயம் இடம் மாறியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அது இன்னும் மாறவில்லை.

பள்ளியில் என்ன இருக்கிறது? 'மாணவர் மனசு' என்று ஒரு புகார்ப் பெட்டி இருக்கிறது. நல்ல எண்ணம்தான். நான் பார்த்த ஒரு பள்ளியில் அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில், எதிரே மூன்று வகுப்பு ஜன்னல் இருக்கிற இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். எவன் போய் அதில் சீட்டுப் போடுவான்? பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417 இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, கூப்பிட்டால் எடுக்கிறார்கள். சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான சில குற்றங்களுக்குப் பெயர் சொல்லாமலே புகார் பதியலாம். இதெல்லாம் புகார் வாங்கும் வழி. வாங்கிய பிறகு நடப்பது என்ன? பெரும்பாலும் இரண்டு பக்கத்துப் பெற்றோரையும் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் படிக்கிற பிள்ளைங்க" என்று சமாதானம் பேசி அனுப்புவார்கள். கொஞ்ச நாளில் டிசி வாங்கிக்கொண்டு போவது யார் என்று நினைக்கிறீர்கள்? டிசிக்கு விண்ணப்பம் அடிக்கவும் என் கடைக்குத்தான் வருகிறார்கள். அடித்தவன் வீட்டிலிருந்து அப்படி ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை.

(ஒரு இடைச்செருகல், யாருக்காவது உதவும். போனில் வந்த அசிங்கத்தைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்தப் பக்கத்தின் லிங்க்கையும் காப்பி செய்து தேதி, நேரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அவன் பெயரையும் படத்தையும் ஒரு நிமிஷத்தில் மாற்றிவிடுவான். நான் பார்த்த பல மனு படுத்துக்கொண்டது இந்த இடத்தில்தான்.)

அதனால் எத்தனை சதவீதம் என்ற கேள்வியே எனக்கு இப்போது இரண்டாம்பட்சம். நம் மாவட்டத்தில் ஒரு வருஷத்தில் புகார் சொன்ன பிள்ளைகளில் எத்தனை பேர் இன்றைக்கும் அதே பள்ளியில், அதே வகுப்பில் படிக்கிறார்கள்? எத்தனை பேர் டிசி வாங்கினார்கள்? புகாருக்கு ஆளானவர்களில் எத்தனை பேர் மேல் என்ன நடவடிக்கை? இந்த மூன்றையும் யாரும் வெளியிட்டு நான் பார்த்ததில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு அடித்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் பெயர் எதுவும் கேட்கவில்லை, எண்ணிக்கை மட்டும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இந்த வாரம் தபாலில் போடுகிறேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும், வந்ததும் இங்கேயே போடுகிறேன். தென்காசி, தூத்துக்குடிக்காரர்கள் உங்கள் மாவட்டத்துக்கும் அனுப்புங்கள். மாதிரி வேண்டும் என்றால் இன்பாக்ஸில் கேளுங்கள், காசு வேண்டாம்.