டேப்பட்டை இறுக்கியே சத்தத்தை அடக்கும் மகான்களுக்கு

பழைய வண்டி வச்சிருக்கிறவனுக்கு, பார்க்கிறவன் எல்லாம் டாக்டர். கிக்கரை உதைச்சு எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் யாராவது ஒருத்தர் தலையைச் சாய்ச்சுக் காதைக் கொடுத்து, "டேப்பட் அடிக்குது, டைட் வச்சிடு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டுப் போயிடறாங்க. எஞ்சினுக்குள்ள காத்தும் புகையும் போய் வர்ற வழியைத் திறந்து மூடுறது வால்வு, அதை அழுத்தித் திறக்கிற கை ராக்கர். இந்த ரெண்டுக்கும் நடுவுல துளி இடைவெளி வைக்கிற ஸ்க்ரூவைத்தான் டேப்பட்னு சொல்றாங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. அவங்களாவது வழிப்போக்கர்கள். காசு வாங்கிட்டு வேலை பார்க்கிறவரும் அதையே செஞ்சா எங்கே போய் முட்டிக்கிறது?

கடைசியா நான் வண்டியை விட்ட இடத்துல நடந்தது இதுதான். ஓட்டிட்டுப் போய் நிறுத்தின எஞ்சின், கை வச்சா சுடுது. அந்தச் சூட்டோடவே டேப்பட் மூடியைக் கழட்டினார். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு, ஃபீலர் கேஜை எடுப்பார்னு பார்த்துக்கிட்டே நிக்கிறேன், எடுக்கவே இல்ல. விரலால ராக்கரை ஆட்டினார், ஆடுச்சு. ஸ்க்ரூவை இறுக்கினார். மறுபடி ஆட்டினார், ஆடலை. ஸ்க்ரூவை நகராம பிடிச்சு வைக்கிற லாக் நட்டை ஒரு முறுக்கு முறுக்கி மூடியைப் போட்டுட்டு, "சத்தமே இல்ல பாருங்க"ன்னு பெருமையா ஒரு பார்வை வேற. ஆமா, சத்தமே இல்ல. கொஞ்ச நாள்ல காலையில ஸ்டார்ட்டும் இல்ல, ஐடிலிங்கும் இல்ல. கிக்கரை மிதிச்சா எதிர்ப்பே இல்லாம கால் சொய்யுனு கீழே போகுது. உள்ளே காத்து அமுங்குற அந்த கம்ப்ரெஷன் எங்கே நிக்கும்? வால்வுதான் முழுசா மூடவே இல்லையே!

அந்த இடைவெளியைக் கம்பெனிக்காரன் வேலை தெரியாமலா விட்டு வச்சிருக்கான்? பல சின்ன ஒற்றை சிலிண்டர் எஞ்சின்கள்ல ராக்கர் நுனிக்கும் வால்வு தண்டுக்கும் நடுவுல 0.05லேர்ந்து 0.10 மி.மீ. வரைக்கும் இருக்கச் சொல்லுவாங்க. ஒரு தலைமுடி கனம், அவ்வளவுதான். புகை வெளியேறுற எக்ஸாஸ்ட் வால்வு ரொம்பச் சூடாகி அதிகமா நீளுங்கிறதால நிறைய எஞ்சின்ல அதுக்கு, காத்து உள்ளே வர்ற இன்லெட்டை விடக் கொஞ்சம் கூடுதலாவே கொடுத்திருப்பாங்க. இந்த அளவெல்லாம் ஆறிப்போன எஞ்சினுக்கு. சூட்டுல எஞ்சினோட மேல்பாகம் ஹெட் ஒரு அளவு விரியும், பிஸ்டன் ஓடுற பேரல் ஒரு அளவு, வால்வு ஒரு அளவு. கொதிக்கிற எஞ்சின்ல விரலை விட்டு ஆட்டிப் பார்த்து இதையெல்லாம் கணக்குப் போட்டுடலாம்னா மேனுவல் எதுக்கு, கேஜ் எதுக்கு?

எனக்கு வயிறு எரியுறது இங்கதான். எக்ஸாஸ்ட் வால்வு தன் மேல ஏறுற சூட்டைப் பெரும்பாலும் சீட்ல, அதாவது ஹெட்ல அது மூடி உட்கார்ற வளையத்துல, உட்கார்ந்திருக்கிற நேரத்துலதான் ஹெட்டுக்கு இறக்கி விடுது. இடைவெளியே இல்லாம இறுக்கினா அது சரியா உட்காராது, சூடும் இறங்காது. எரியுற வாயு அந்தச் சந்து வழியா சீறிக்கிட்டே போகும். விளிம்பு கருகி, ஒரு பக்கம் அரிச்சே போயிடும். அப்புறம் ஹெட்டை இறக்கணும், வால்வு மாத்தணும், சீட் வெட்டணும், ரெண்டையும் உரசிப் பொருத்துற லேப்பிங் போடணும். வெறும் டக் டக் சத்தத்துக்குப் பயந்து வண்டியோட அடிமடியிலயே கை வச்ச கதை. இன்னொண்ணு, வால்வும் சீட்டும் தேயத் தேய வால்வு தண்டு மேல ஏறிக்கிட்டே வரும். அதனால இடைவெளி தானாவே குறையுறதும் உண்டு. லேசா டிக் டிக்னு பேசுற எஞ்சினை விட, வருஷக்கணக்கா யாரும் தொடாம மெள்ள மெள்ள வாயை மூடிக்கிட்ட எஞ்சினைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

உடனே "அப்போ சத்தம் போட்டா விட்டுடலாமா"ன்னு ஒருத்தர் கிளம்புவார். யார் விடச் சொன்னா? சுத்திக்கிட்டே ராக்கரைத் தூக்குற கேம் மேட்டுல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு மெல்லிய சரிவு இருக்கு. ராக்கர் அந்தச் சரிவுலயே இடைவெளியை எடுத்துக்கிட்டு மெதுவா வால்வைத் தொடணும். இடைவெளி அதிகமானா சரிவு தாண்டின பிறகுதான் தொடும். தொடுறதாவது, சம்மட்டி அடி அடிக்கும். மூடும்போதும் அப்படித்தான். நிமிஷத்துக்கு 1200 சுத்து ஐடிலிங்னா ஒவ்வொரு வால்வும் விநாடிக்குப் 10 தடவை திறந்து மூடுது. 10 தடவையும் அடி. அளந்து வைங்கய்யா, அதைத்தான் சொல்றேன்.

வீட்டுலயே பார்க்கிற வேலைதான் இது. ராத்திரி முழுக்க ஆறின வண்டி, பிளக்கைக் கழட்டி வச்சா எஞ்சின் தண்டோட முனையில இருக்கிற மேக்னட்டைச் சுத்துறது சுலபம். ஓடுற திசையிலயே சுத்தணும். இன்லெட் வால்வு இறங்கி மறுபடி ஏறின பிறகு மேக்னட்டுல வர்ற 'டி' குறிதான் கம்ப்ரெஷன் டாப், அதாவது பிஸ்டன் உச்சியில இருக்க ரெண்டு வால்வும் மூடி நிக்கிற இடம். அங்கே ரெண்டு ராக்கரும் லூஸா இருக்கும். இதைப் பார்க்காம எக்ஸாஸ்ட் டாப்ல நிறுத்திட்டு, ரெண்டு வால்வும் லேசாத் திறந்து கிடக்கிற நேரத்துல கேஜ் நுழையலைன்னு ஸ்க்ரூவைத் தளர்த்திக்கிட்டே போறவங்க இருக்காங்க. அவங்க வண்டி அப்புறம் தையல் மெஷினுக்கே சவால் விடும்.

கேஜ் லேசாப் பிடிச்சு உருவுற மாதிரி வச்சிட்டு லாக் நட்டை இறுக்குறீங்க. நட்டோட சேர்ந்து ஸ்க்ரூவும் துளி திரும்பியிருக்கும், கேஜ் மாட்டிக்கிட்டு வராது. "பரவாயில்ல"ன்னு மூடியைப் போட்டுடாதீங்க. தளர்த்தி, ஸ்க்ரூ தலையைப் பிடிச்சுக்கிட்டு இறுக்கி, மறுபடி கேஜை விட்டுப் பாருங்க. எத்தனை தடவை ஆனாலும் சரி.

எல்லாம் சரியா வச்சும் அடிக்குதா? ராக்கர் நுனி வால்வைத் தொடுற முகத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. பழைய எஞ்சின்ல அங்கே ஒரு குட்டிக் குழி விழுந்திருக்கும். தட்டையான கேஜ் அந்தக் குழி மேல பாலம் போட்ட மாதிரி நிக்கும். கேஜ் சொல்றது 0.08, குழியையும் சேர்த்தா நிஜ இடைவெளி அதை விட அதிகம். சத்தம் எப்படிப் போகும்? தேய்ஞ்ச சாமானை மாத்துறதை விட்டுட்டு, இன்னும் கொஞ்சம் இறுக்கு, இன்னும் கொஞ்சம் இறுக்குன்னு... தலையில அடிச்சுக்கணும்.

மேலேயிருந்து சத்தம் வந்தாலே அது டேப்பட்தான்னு யார் சொன்னது? கேமைச் சுத்துற டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் தேய்ஞ்சாலும் சலசலக்கும். சைலன்சருக்குப் போற பெண்ட் பைப் ஹெட்ல சேர்ற இடத்துல பேக்கிங் கசிஞ்சா அச்சு அசலா டிக் டிக்னே கேட்கும். பிஸ்டன் ஆடினா ஆறின எஞ்சின்ல தட்டிட்டு, சூடானதும் அடங்கும். ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரைக் காதோரம் வச்சு, அதோட நுனியை ஒவ்வொரு இடமா வச்சுக் கேட்டாலே பாதி தெரிஞ்சுடும். அதுக்கும் பொறுமை கிடையாது. காத்துலயே ஆறுற ஏர் கூல்டு எஞ்சின்ல, சுத்தி இருக்கிற தகடுங்க, அதாவது ஃபின் வேற அதிர்ந்து உள்ளே நடக்கிறதைப் பெருசாக்கிக் காட்டும். அதுக்காகவே ஃபின்களுக்கு நடுவுல ரப்பர் துண்டு சொருகி வந்த எஞ்சின்கள் உண்டு. அந்த ரப்பர் காய்ஞ்சு விழுந்து எத்தனை வருஷமாச்சோ, அதை யாரும் கண்டுக்கிறதில்ல.

அடுத்த வைத்தியம் கெட்டி ஆயில். மேனுவல் கேட்கிற கிரேடு 20டபிள்யூ-50ன்னா ஊத்துங்க, வேணாம்னா சொன்னேன்? சத்தத்தை மூடி மறைக்கக் கையில கிடைச்ச கெட்டி ஆயிலை ஊத்தினா, ஆறின எஞ்சின்ல அது ஹெட்டுக்கு ஏறவே நேரமாகும். கார் ஆயிலை ஊத்துற புண்ணியவான்களும் இருக்காங்க. பல கார் ஆயில்ல வழுக்கலுக்குன்னே சேர்த்திருக்கிற சமாச்சாரம், ஆயிலுக்குள்ளேயே ஓடுற கிளட்சையும் வழுக்க வச்சிடும். டப்பாவுல, இந்த மாதிரி கிளட்சுக்கு ஒத்து வரும்னு காட்டுற ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 குறி இருக்கான்னு பார்க்க என்ன கஷ்டம்?

டேப்பட் மூடியில ஆயில் கசியுதுன்னு அடியில இருக்கிற ரப்பர் வளையம் ஓ-ரிங்கை மாத்தாம சிலிகான் பேஸ்ட்டை அப்புறவங்களைப் பத்திச் சொல்லலைன்னா எனக்குத் தூக்கம் வராது. வெளியே பிதுங்குற அளவு உள்ளேயும் பிதுங்கும். அது பிய்ஞ்சு ஆயில் வழியில போய் அடைச்சா கேம் காய்ஞ்சே ஓடும், அப்போ வர்ற சத்தத்துக்கு எந்த ஸ்க்ரூவை இறுக்குவீங்க? என் வண்டி மூடியோட ஆறு முனையையும் அளவு சேராத ஸ்பானரைப் போட்டு வழிச்சு எடுத்து, மேலே உளியால வேற தட்டி வச்சிருக்கு. கேட்டா, "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும்"ங்கிறார். வண்டிதான் பழசு, மூடி போன வருஷம் வாங்கிப் போட்டது!