தோற்றது யார், கையெழுத்துப் போட்டது யார்?

பத்தாம் வகுப்புக்கு முதல் உலகப்போர் நடத்திக்கொண்டிருந்தேன். போர் முடியும் இடத்துக்கு வந்திருந்தோம். 1918 நவம்பர் 11, விடிகாலை ஐந்து மணிக்கு மேல், பிரான்சில் கொம்பியேன் காட்டுக்குள் நிறுத்தியிருந்த ஒரு ரயில் பெட்டி. மேசைக்கு ஒரு பக்கம் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஃபோஷ். எதிரில் ஜெர்மன் தூதுக்குழு. குழுவுக்குத் தலைவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர், மையக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். கையெழுத்தானது, காலை பதினொரு மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன என்று சொல்லிவிட்டு நேராக வெர்சேல்ஸ் உடன்படிக்கைக்குப் போவதுதான் என் வழக்கம். அன்றைக்கு மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து நின்றான்.

"சார், சண்டை போட்டுத் தோத்தது மிலிட்டரிதானுங்களே? அப்புறம் எதுக்குங்க சார் கட்சிக்காரரு போயிக் கையெழுத்துப் போட்டாரு?"

இத்தனை வருட சர்வீசில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகவும் யோசித்ததில்லை. அடுத்த பீரியடையும் கணக்கு வாத்தியாரிடம் கேட்டு வாங்கி, தெரிந்தவரை பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அந்த வகுப்பிலேயே நின்றது. தேர்தல் நெருங்க நெருங்க நம் கைபேசியில் வந்து கொட்டுகிற குப்பையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பையனின் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

கரும்பலகையில் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினோம். அன்றைக்கு ஜெர்மன் ராணுவத்தை நடத்தியவர்கள் இரண்டு பேர்: ஹிண்டன்பர்க், லூடன்டார்ஃப். 1918 செப்டம்பர் 29 அன்று ஸ்பா நகரத்துத் தலைமையகத்தில் இவர்களே பேரரசரிடம் போய், இனித் தாங்காது, உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்றார்கள். இரண்டு நாள் கழித்து லூடன்டார்ஃப் தன் அதிகாரிகளைக் கூட்டிவைத்துப் பேசியதை, அங்கே நின்ற ஒருவர் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். நம்மை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தவர்களையே ஆட்சியில் உட்காரவைக்கச் சொல்லிவிட்டேன், அவர்கள் காய்ச்சிய கஞ்சியை அவர்களே குடிக்கட்டும் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அக்டோபர் 3 அன்று புதிய அரசு. அன்றிரவே அமெரிக்க அதிபர் வில்சனுக்கு வேண்டுகோள் கிளம்பியது. கீல் துறைமுகத்தில் கடற்படை வீரர்களின் கிளர்ச்சி வெடித்தது நவம்பர் 3. பேரரசர் முடிதுறந்ததாக அறிவிப்பு வந்தது நவம்பர் 9. ரயில் பெட்டியில் கையெழுத்து நவம்பர் 11.

பின்னால் பரப்பிய கதை என்ன தெரியுமா? களத்தில் தோற்காத ராணுவத்தை உள்நாட்டிலிருந்த சோசலிஸ்டுகளும் யூதர்களும் புரட்சி செய்து முதுகில் குத்திவிட்டார்கள் என்பது. பலகையைப் பார்த்தாலே போதும். தளபதிகள் கையை விரித்ததற்கும் கிளர்ச்சிக்கும் நடுவே ஐந்து வாரம் இருக்கிறது. கத்தி உறையைவிட்டு வெளியே வரும் முன்பே ராணுவம் விழுந்துவிட்டது. பையன்கள் அதைத் தாங்களே கண்டுபிடித்தபோது வகுப்பில் ஒரு சலசலப்பு எழுந்தது. சரித்திர வாத்தியாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

கையெழுத்துக்கு முந்தின நாள், சலுகை கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டாலும் போட்டுவிடுங்கள் என்று தகவல் அனுப்பியவர் ஹிண்டன்பர்க். ஒரு வருடத்துக்குச் சற்று மேல் போய், 1919 நவம்பர் 18 அன்று, நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன்னால் அதே ஹிண்டன்பர்க் வந்து நின்றார். கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தார். ஜெர்மன் ராணுவம் முதுகில் குத்தப்பட்டது என்று ஓர் ஆங்கிலேய ஜெனரல் சொன்னது சரிதான் என்றார். எந்த ஜெனரல்? பெயர் சொல்லவில்லை. "கலெக்டர் ஆபீஸ்ல வேலை செய்யறவரே சொன்னாருங்க" என்று ஆரம்பிக்கிற ஆடியோக்கள் நமக்கும் வருகின்றன. அந்த ஆளுக்கும் பெயர் இருக்காது.

ஆனால் இதை நம்பிய ஜெர்மன் மக்களை முட்டாள்கள் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இருந்த இடத்தில் இருந்து பாருங்கள். 1916-17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு பொய்த்துப்போய், மாட்டுக்குப் போடுகிற டர்னிப் கிழங்கைத் தின்று உயிர் பிடித்தவர்கள். ரொட்டிக்கும் கரிக்கும் விடிய விடிய வரிசையில் நின்ற பெண்கள். பத்திரிகைகள் எல்லாம் ராணுவத் தணிக்கைக்குள் இருந்தன. நாலு வருடமாக, ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. 1918 மார்ச்சில் ரஷ்யாவே ஒதுங்கிக்கொண்டது, மேற்கில் புதிய தாக்குதல் தொடங்கியது, வெற்றி இதோ வந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஆகஸ்ட் 8 அன்று களத்தில் தங்கள் ராணுவத்தின் முதுகெலும்பு முறிந்தது அவர்களுக்குத் தெரியாது. எதிரிப் படை தங்கள் தெருவில் நடந்து போனதையும் அவர்கள் பார்க்கவில்லை. அப்படியிருக்க, ஒரு நாள் காலையில் "தோற்றுவிட்டோம்" என்றால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? யாரோ வஞ்சித்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். பட்டினி கிடந்த அதே ஜனங்களைப் பார்த்து, உள்நாடு உறுதியாக நிற்காததால்தான் தோற்றோம் என்றும் பிறகு சொன்னார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இங்கே நான் சொல்ல வந்தது ஒன்று உண்டு. முதுகுக் குத்துக் கதை 1919-இல் பிறந்ததாகப் புத்தகங்கள் எழுதும். எனக்கு அது 1914-லேயே கருக்கொண்டதாகத் தோன்றுகிறது. தினம் ஒன்றாக ஊட்டிய சின்னச் சின்னப் பொய்கள்தான் அந்தப் பெரிய பொய்க்கு மண் போட்டு வைத்தன. அதனால் ஒரு வதந்தி கிளம்பிய பிறகு அதை மட்டும் பிடித்து "ஃபேக்" என்று முத்திரை குத்தினால் பாதி வேலைதான் ஆகிறது. மீதிப் பாதி, அது முளைத்த மண்ணைத் தோண்டிப் பார்ப்பது.

அந்த மண்ணில் நம் ஆட்களின் கையும் இருக்கும் என்பதுதான் வலிக்கிற விஷயம். 1918 டிசம்பர் 10, பெர்லின். களத்திலிருந்து திரும்பிய வீரர்களை வரவேற்றுப் பேசினார் ஃபிரீட்ரிஷ் ஏபர்ட், சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர், புதிய அரசின் தலைவர். எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்றார். அந்த மனிதர் இரண்டு மகன்களை அந்தப் போரில் பறிகொடுத்தவர். களைத்து வந்த பிள்ளைகளிடம் வேறு எப்படிப் பேசுவது என்று நினைத்திருப்பார். என் மனம் அவரைக் குற்றம் சொல்லத் தயங்குகிறது. ஆனாலும் அந்த வார்த்தை உண்மை இல்லை. எதிரி வெல்லவில்லை என்றால் வேறு யார் வீழ்த்தினார்கள் என்ற கேள்விக்கு அவரே வாசல் திறந்துவிட்டார். அந்த வாசல் வழியாக வந்தவர்கள் அவரையே தேசத்துரோகி என்றார்கள். அவர் தொடர்ந்த அவதூறு வழக்கில், 1918 ஜனவரி வேலைநிறுத்தத்தில் பங்கெடுத்ததால் சட்டப்படி அவர் தேசத்துரோகம் செய்தவரே என்று 1924 டிசம்பரில் மாக்டெபர்க் நீதிமன்றம் எழுதியது. வழக்கு நெருக்கடியில் வயிற்று வலிக்கு வைத்தியம் பார்ப்பதைத் தள்ளிப்போட்டு, குடல்வால் அழற்சி முற்றி, 1925 பிப்ரவரி 28 அன்று 54 வயதில் இறந்துபோனார். அவர் நாற்காலியில் அடுத்து வந்து உட்கார்ந்தவர் ஹிண்டன்பர்க்.

"எல்லாக் கட்சியும் பொய்தான் சொல்லுது, எல்லாரும் ஒண்ணுதான்" என்று இதைப் படித்துவிட்டு யாராவது கமெண்ட் போட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏபர்ட் சொன்னது புண்ணுக்குத் தடவிய வார்த்தை. ஹிண்டன்பர்க் சொன்னது தன் தோல்வியை அடுத்தவன் தலையில் கட்டிய வார்த்தை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது சரித்திரத்துக்குச் செய்கிற அநியாயம். நமக்குப் பிடிக்காத தலைவரையெல்லாம் ஹிட்லர் என்று திட்டுவதும் அப்படித்தான். பெயரை எடுத்து எறிவதற்கா சரித்திரம் படிக்கிறோம்? யாருடைய பொறுப்பு யார் தலைக்குக் கைமாறுகிறது என்று பார்க்கப் பழகத்தான் படிக்கிறோம்.

எர்ஸ்பெர்கரின் முடிவையும் பையன்களுக்குச் சொன்னேன். 1921 ஆகஸ்ட் 26. பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில் ஒரு நண்பருடன் காலாற நடந்துகொண்டிருந்தவரை இரண்டு முன்னாள் ராணுவ அதிகாரிகள் சுட்டுக் கொன்றார்கள். வயது 45. 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் கொலையாளிகளுக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது. இன்னொருவரைப் பற்றி வகுப்பில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். பவுல் நிகோலாஸ் கோஸ்மான் என்று மியூனிக் பத்திரிகையாசிரியர் ஒருவர். 1924-இல் முதுகுக் குத்துக் கதைக்கென்றே தன் மாத இதழில் தனிச் சிறப்பிதழ்கள் போட்டார். பிறப்பால் யூதர், கத்தோலிக்கராக மதம் மாறியவர். தான் ஊதிய நெருப்பு தன்னைத் தொடாது என்று நம்பியிருப்பார். 1942-இல் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் வதைமுகாமில் இறந்தார். அந்தப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்டுச் செத்த யூத வீரர்கள் சுமார் 12,000 பேர். யூதர்கள் களத்துக்குப் போகாமல் ஒளிகிறார்கள் என்ற பேச்சைச் சாக்கிட்டு 1916-இல் ராணுவமே கணக்கெடுத்தது. எடுத்த கணக்கைப் போர் முடியும்வரை வெளியிடவே இல்லை.

நம் ஊருக்கு வருகிறேன். நான் வேலை பார்ப்பது திருப்பூர்ப் பக்கம். 2023 மார்ச் முதல் வாரம் யாருக்கும் மறந்திருக்காது. தமிழ்நாட்டில் பிகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு வேறு ஊர்களில் வேறு வேறு காரணத்துக்காக நடந்தவற்றை ஒட்டிச் செய்தவை. பிகார் சட்டமன்றத்தில் அமளி, அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது, பொய் என்று தெளிவானது, வழக்குகளும் கைதுகளும் தொடர்ந்தன. நமக்கெல்லாம் நியாயமான கோபம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே "வடக்கன்" என்று இளக்காரமாகப் பேசுகிற தமிழ் வீடியோக்கள் நம் குழுக்களில் ஓடிக்கொண்டிருந்தன. சிரிக்கும் ஸ்மைலி போட்டுத் தள்ளிவிட்டவர்களில் என் நண்பர்கள் பலர் உண்டு. அந்தப் பொய்க்கு மண் போட்டதில் நம் பங்கையும் ஒத்துக்கொண்டாக வேண்டும்.

அந்த வாரம் ஸ்டேஷனில் நின்ற கூட்டத்தைப் படம் எடுத்து, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் அதே பேச்சு. அன்று மதியம் ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா லீவ் லெட்டரோடு வந்தார். பனியன் கம்பெனியில் வேலை, பிகாரில் சமஸ்திபூர்க்காரர், தமிழ் சுமாராகப் பேசுவார். "பயமா இருக்குதுங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பயம் இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு, "ஹோலி சார். எல்லா வருஷமும் போறது" என்றார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த டிக்கெட்டை எடுத்து மேசைமேல் விரித்தார். பதிவு செய்த தேதி டிசம்பர் மாதம். ஹோலி மார்ச் 8. அதற்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது. திரும்பி வருவதற்கான டிக்கெட், மார்ச் 19, குடும்பத்தில் நாலு பேருக்கும்.