குகை லெவலைத் திட்டுவதற்கு முன் ஒருமுறை பின்னால் குதித்துப் பாருங்கள்

இரண்டு நாளாக எல்லாரும் பகிர்கிற அந்த டோம்ப் ரைடர் காணொளியைப் பற்றித்தான். முதல் லெவலான குகையில், ஒரே பள்ளத்தில் கேமின் நாயகி லாரா திரும்பத் திரும்ப விழுகிறாள். "கண்ட்ரோல் ஓட்டை, லெவல் மொக்கை" என்று தீர்ப்பும் வந்துவிட்டது. கண்ட்ரோலில் ஓட்டை இல்லை. காணொளியில் ஆடுகிறவர் ஜம்ப் பட்டனைத் தாமதமாக அழுத்துகிறார், அவ்வளவுதான்.

1996இல் இங்கிலாந்தின் டெர்பியில் கோர் டிசைன் செய்த இந்த கேம் முழுக்கச் சதுரக் கட்டங்களால் ஆனது. பாறை, படி, இடிந்த சுவர், பள்ளம் எல்லாமே அந்த அளவில்தான். லாராவின் தாவலும் அதே அளவுக்குத் தைத்தது. நின்ற இடத்திலிருந்து தாவினால் ஒரு கட்டப் பள்ளத்தைத் தாண்டுவாள். ஓடித் தாவினால் இரண்டு. ஓடித் தாவி, ஆக்‌ஷன் பட்டனை விடாமல் பிடித்து விளிம்பைப் பற்றினால் மூன்று. இந்தக் கணக்கு கடைசி லெவல்வரை மாறாது. அதைப் பழக்கத்தான் அந்தக் குகை.

வாக் பட்டனைப் பிடித்தபடி விளிம்புவரை நடங்கள். லாரா அங்கே தானாக நின்றுவிடுவாள், விழமாட்டாள். வாக்கை விட்டுவிட்டு பேக் பட்டனை ஒரே ஒருமுறை தட்டுங்கள். பின்னால் ஒரு குதி குதிப்பாள். ஓடி வரத் தேவையான தூரம் சரியாக அதுதான். இப்போது முன்னால் அழுத்தி, உடனே ஜம்ப்பையும் அழுத்திப் பிடியுங்கள். விளிம்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓட்டத்தில் கால் ஊன்றும் நேரத்தில்தான் அவள் எழும்புவாள். விளிம்பில் போய் அழுத்தினால் அடுத்த கால் காற்றில்தான். காணொளியில் ஒவ்வொரு முறையும் நடப்பது இதுவே.

மேலே சொன்னதெல்லாம் 1996இன் பழைய கண்ட்ரோலில். 2024 பிப்ரவரியில் வந்த மறுபதிப்பில் அதோடு மாடர்ன் கண்ட்ரோலும் உண்டு. காணொளிக்காரர் ஆடுவது இந்த மாடர்னில். அங்கே ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் லாரா திரும்பி ஓடுவாள், அந்தப் பின்குதி கிடைக்காது. அளவுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு, அளவு தப்பு என்று திட்டினால் எப்படி?

"கேமரா படுத்துதே" என்பீர்கள். படுத்தும், குறுகலான இடத்தில் சுவரில் போய் முட்டும். அதற்காகத்தான் பழைய கண்ட்ரோலையே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் லாராவின் முன் பக்கம் முன் பக்கமே.

"ஒன்றுமே இல்லாத குகை" என்று சொன்னதுதான் உண்மையில் வலித்தது. ஒன்றுமே இல்லையா? பின்னால் கதவு மூடுகிறது. சுவரிலிருந்து ஊசி அம்புகள் பாய்கின்றன. பெரும்பாலும் இசை கிடையாது, காலடிச் சத்தம் மட்டும். அந்த அமைதியில்தான் ஓநாயின் உறுமல் காதில் விழும். மேட்டில் ஏறி நின்று சுட்டால் ஓநாய் ஏறி வராது. கைத்துப்பாக்கிக்குக் குண்டு தீராது, அதனால் பயப்படாமல் பழகலாம். வழியை விட்டு விலகித் தேடுகிறவர்களுக்கு மூன்று ரகசிய இடங்கள். இவ்வளவும் யோசித்து அடுக்கியவர்கள் மடையர்களா?

"பனி மலையில் இன்கா நகரமா" என்று அதற்கும் ஒருவர் சிரித்திருக்கிறார். அந்தக் குறை நியாயம். அடுத்த லெவலுக்குப் பெயர் தந்த வில்கபம்பா, 1572இல் ஸ்பானியரிடம் விழுந்த இன்காக்களின் கடைசித் தலைநகர். அதன் இடிபாடுகள் பெரு நாட்டின் எஸ்பிரிட்டு பம்பாவில், அடர்ந்த காட்டுக்குள் இருக்கின்றன. 1911இல் அமெரிக்க ஆய்வுப் பயணி ஹைராம் பிங்கம் அந்தக் காட்டுக்கே போனார். சில சுவர்களைப் பார்த்தும் பொருட்படுத்தாமல், மலைமேல் இருக்கும் இன்னொரு இன்கா நகரமான மச்சு பிச்சுதான் அந்தக் கடைசித் தலைநகர் என்று பின்னர் வாதிட்டார். 1964இல் இன்னொரு அமெரிக்கரான ஜீன் சவாய் வந்து தேடிய பிறகுதான் காட்டுக்குள் கிடந்த நகரத்தின் பரப்பு தெரியவந்தது. கண்ணெதிரே இருந்த சுவர்கள் அவை, "ஒன்றுமே இல்லாத" இந்தக் குகையைப் போலவே.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பொறுமை ஏது" என்ற வாதத்தை மட்டும் என்னிடம் கொண்டுவராதீர்கள். பின்குதி பழகப் பத்து நிமிடம் போதும். அதற்கும் மனமில்லாதவர்களுக்கு மெனுவிலேயே லாராவின் வீட்டுப் படம் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு தாவலையும் அவளே வாய்விட்டுச் சொல்லித் தருவாள். அந்தக் காணொளிக்காரர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பதில் போட வருகிறவர்கள், எந்த கண்ட்ரோலில் ஆடினீர்கள் என்பதை முதல் வரியில் சொல்லிவிட்டு எழுதுங்கள்.