ஃபேனை ஓடவிட்டுட்டுப் பியானோவைத் திட்டாதீங்க

வேலூர்ல ஹெவி மெட்டல் கேட்கிற தம்பிங்ககிட்ட ஆம்பியன்ட் நியோகிளாசிக்கல்னு, அதான் பியானோவை வெச்சு அமைதியா நகர்ற இசைன்னு, வாயைத் திறந்தாலே போதும், "இன்னாபா இது, தூக்கம்தான் வருது"ன்னு ஒரே பாட்டு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. நீங்க கேட்டது அந்த இசையே இல்லப்பா, ஃபேன் சத்தம்.

பேர்லயே குழப்பம் ஆரம்பிக்குது. மெட்டல்ல நியோகிளாசிக்கல்னா 1984-ல 'ரைசிங் ஃபோர்ஸ்' ஆல்பத்துல கிட்டாரிஸ்ட் இங்வே மால்ம்ஸ்டீன் வாசிச்ச ரகம்: பாக் காலத்துப் பரோக் பாணி, மின்னல் வேகம். நான் சொல்ற இசையில அந்தப் பேருக்குப் பியானோ, செல்லோ, மெல்லிசா ஒரு சின்தசைசர், நிறைய மௌனம். கிட்டார் கம்பிங்களை ஒரே இழுப்புல வருடுற ஸ்வீப் பிக்கிங் எப்ப வரும்னு காத்திருந்தா வராது.

அடுத்தது ஃபேன். டிஸ்டார்ஷன் போட்டு கரகரன்னு ஒலிக்கிற கிட்டார் நிறைய அதிர்வெண்களை அடைச்சுக்கும். மே மாசம் 40 டிகிரியில 5-ல ஓடுற ஃபேனையும் மீறிக் கேட்கும். ஃபெல்ட் பியானோ அப்படி இல்ல. சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவுல ஒரு ஃபெல்ட் துணியை விடுறாங்க. 2011-ல ஜெர்மன் பியானோக்காரர் நில்ஸ் ஃப்ராம் 'ஃபெல்ட்' ஆல்பத்துல பண்ணது அதுதான், ராத்திரியில அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேணாம்னு. ஒவ்வொரு சுரத்தோடயும் சேர்ந்து ஒலிக்கிற கூர்மையான மேல்சுரங்களைத் துணி விழுங்கிடும். மிச்சம் இருக்கிற மெல்லிசுச் சத்தத்தை ஃபேன் காத்து அப்படியே மூடிடுது.

அப்புறம் ஃபோன்ல பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கிற அந்த ஈக்வலைசர்! 60 ஹெர்ட்ஸை 6 டெசிபல் தூக்கி, 1 கிலோஹெர்ட்ஸைப் பள்ளமாக்கி, 8 கிலோஹெர்ட்ஸை மறுபடி தூக்கி 'வி' மாதிரி வெச்சிருக்கீங்க. நடு 'சி' சுரமே 262 ஹெர்ட்ஸ். அதோட உடம்பெல்லாம் நீங்க தோண்டின பள்ளத்துப் பக்கம்தான் கிடக்கு. கீழே பெடல் இடிக்கிறது "தும் தும்"னு வீங்கும், மேலே இரைச்சல் சீறும். கடைசியில "ரெக்கார்டிங் சரியில்ல"ன்னு தீர்ப்பு வேற. அந்தப் பெடல் சத்தம், மரம் முனகுறது எல்லாம் வேணும்னே மைக்கை ஒட்டி வெச்சு எடுத்தது.

சில மலிவு ப்ளூடூத் ஸ்பீக்கர்ல இன்னொரு கேடு. சத்தம் குறைஞ்சா பாட்டு முடிஞ்சதுன்னு நினைச்சு தானே வாயை மூடிக்கும். சுரம் நின்ன பிறகும் மெல்லத் தேயற எதிரொலி, அதான் ரிவெர்ப் வால், பாதியிலேயே அறுந்துடும்.

ஒரே ஒரு தடவை ஒழுங்கா கேளுங்க. ஈக்வலைசரை ஆஃப் பண்ணுங்க. ஒரு பாட்டு முடியறப்ப அடுத்ததைக் கலக்குற கிராஸ்ஃபேட் பூஜ்யம். ஸ்பாட்டிஃபையில எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவர்ற நார்மலைசேஷனை 'லவுட்'ல வைக்காதீங்க, உச்சத்தை அமுக்குற லிமிட்டர் வந்து சத்தத்தோட மேடு பள்ளத்தை நசுக்கிடும். ஃபோன்ல இருக்கிற எம்பி3-ன்னா மெட்டலுக்கும் இதுக்கும் சத்தத்துல 10 டெசிபலுக்கு மேலயே வித்தியாசம் வரலாம். ஷஃபிள்ல கலந்துடாதீங்க, அடுத்த பாட்டு காதைக் கிழிச்சிடும். ஃபோம் முனை போட்ட இயர்ஃபோன், விடிகாலை 4 மணி, மொட்டை மாடி. ஆடி மாசம்னா கூழ் ஊத்துற குழாய் ஸ்பீக்கர் எழறதுக்கு முன்னாடி முடிச்சிடுங்க.

இது மெட்டலுக்கு எதிரி முகாமும் இல்ல. இந்த அமைதி இசை எழுதற ஐஸ்லாந்து ஓலஃபூர் ஆர்னால்ட்ஸ், முன்னாடி முரட்டு ஹார்ட்கோர் பேண்டுல டிரம்ஸ் அடிச்சவரு. ஜெர்மன் மெட்டல் பேண்டு ஹெவன் ஷால் பர்னோட 2004 ஆல்பம் 'ஆன்டிகனி'க்கு முன்னிசையும் பின்னிசையும் எழுதினதே அவருதான். உங்க ஃபோன்ல அந்த ஆல்பம் இருக்கும், அந்த ரெண்டையும் தள்ளிவிட்டுட்டுக் கேட்கிறீங்க!

பியானோ பெடலை விட்டதும், சத்தத்தை நிறுத்துற டாம்பர் கட்டை கம்பி மேல உட்கார்ற அந்த 'புஸ்' காதுல விழுதா பாருங்க. விழலைன்னா இன்னும் எதுவோ ஓடிட்டிருக்கு: ஃபேனோ, ஃபிரிட்ஜோ, பக்கத்து வீட்டு மோட்டாரோ.